மஞ்சள் பஸ்ஸுக்கு முன்னால்

என் கணவர் இரண்டு முறை அரை மரதன் ஓடினவர். இரண்டு முறையும் பஸ்ஸில்தான் வந்து சேர்ந்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மொன்றியலில் செப்ரெம்பர் மாதம் நடக்கிற ஓட்டம் அது. ஆற்றுக்கு மேலே போகிற பெரிய பாலத்தில் தொடங்கி, இருபத்தொரு கிலோமீற்றர் நகரத்தைச் சுற்றி, ஒரு பூங்காவில் முடியும். நாள் முழுக்க ரோட்டை மூடி வைக்க முடியாது என்பதால் எல்லாருக்கும் பின்னால் ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ் ஊர்ந்துகொண்டு வரும். அது உங்களைப் பிடித்துவிட்டால் உங்கள் ஓட்டம் முடிந்தது. ஏறி இருக்க வேண்டியதுதான். ஏறினவர்களுக்கு ஒரு வாழைப்பழமும் தருவார்கள்.

இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் அவரைப் பிடித்தது. பூங்காவுக்குக் கிட்ட, ஒரு மூலையில், ஒரு தெப்பனர் இருக்கிறது. பாலும் பியரும் லொத்தர் ரிக்கற்றும் விற்கிற சின்னக் கடை. அதற்குப் பிறகு காரில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் விரலை நீட்டிக் காட்டுவார். "இஞ்சைதான் என்னைப் பிடிச்சவங்கள்," என்பார். ஏதோ போரில் பிடிபட்டவர் கதைக்கிற மாதிரி.

எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு விஷயம் அகப்பட்டால் விடுவார்களா? கலியாண வீடு, சாமத்திய வீடு என்று எங்கே போனாலும் பகிடிதான். அவர் சாப்பிட எழும்பினால், "பாத்துப் போங்கோ அண்ணை, பஸ் பின்னாலை வருது," என்று யாராவது சொல்வார்கள். அவர் கோபிக்க மாட்டார். "வாற வருசம் பாருங்கோ," என்று சிரிப்பார். நான்தான் கோபித்தேன். வாற வருசம், வாற வருசம் என்று பல்லவி பாடுகிற மாதிரி ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வரும்.

போன ஜனவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, கம்பியூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், இந்த முறை ரெண்டு பேருக்கும் பதிஞ்சிட்டன்."

"ஆரைக் கேட்டுப் பதிஞ்சனீங்கள்?"

"நீர் பக்கத்திலை வந்தா நான் நிக்கமாட்டன். நிண்டா நீர் பேசுவீர்."

அது உண்மை. ஆனால் உண்மை என்பதற்காக நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தேன். ஐம்பத்தாறு வயதில், முழங்கால் இரண்டும் கிரீச்சிடுகிற நேரத்தில், எனக்கு ஓட்டம் ஒரு கேடா என்று கேட்டேன். அவர் போய் எனக்கு ஓடுகிற சப்பாத்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் விட்டுத்தான் வாங்க வேண்டும், ஓடும்போது கால் வீங்கும் என்று எனக்கு வகுப்பு எடுத்தார். நான் அதைப் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

பெப்ரவரியில் அவர் போய்விட்டார். வேலைக்குப் போகிற வழியில், ரொக்ஸ்பரோ ஸ்ரேசன் வாசலில், மாரடைப்பு. நகரத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் பராமரிப்பு வேலை அவருக்கு. நான் பியர்பொன்ட்ஸில் ஒரு கார்டரியில், அதுதான் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், சமையலறையில் வேலை. ரெலிபோன் வந்தபோது மெலன் பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். செய்தியைக் கேட்டேன். மிச்சப் பழத்தையும் வெட்டி, தட்டில் அடுக்கி, மூடி, குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் கோட்டைப் போட்டேன். பிள்ளைகள் பத்து மணிக்குப் பழம் சாப்பிடுவார்கள். அது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது.

இதைப் பிறகு ஊர் முழுக்கக் கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். கதைக்கட்டும்.

செத்த வீட்டில் நான் அழவில்லை. வேண்டுமென்று அழாமல் இருக்கவில்லை, வரவில்லை. என்னைச் சுற்றி எல்லாரும் அழுதார்கள். அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், பெட்டியைப் பிடித்துக்கொண்டு குழறினார். தெரிந்த பெண்கள் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, அழு பிள்ளை, அழுதால்தான் ஆறும் என்றார்கள். நான் அவருடைய கழுத்தில் கட்டியிருந்த ரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முடிச்சு ஒரு பக்கம் சரிந்திருந்தது. யாராவது அதைச் சரி செய்தால் நல்லது என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சரி செய்ய எனக்குத் தோன்றவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சாளின் மகன்தான் கொள்ளி வைத்தான், அவன்தான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்தான். அந்தியேட்டியில்தான் எனக்கும் மச்சாளுக்கும் கொழுவல் வந்தது. சப்பாத்தால் வந்த கொழுவல்.

அந்தியேட்டி அன்று குருக்களுக்குத் தானம் கொடுப்போம். அரிசி, காய்கறி, வேட்டி, குடை, செருப்பு. இறந்தவர் நெடுந்தூரம் நடக்க வேண்டும், வழியெல்லாம் கல்லும் முள்ளும் வெயிலும். குருக்கள் கையில் கொடுப்பது அவருக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் முறை. குடையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஆனால் அவருக்குச் செருப்பு ஒத்துவராது. தட்டைப் பாதம். செருப்புப் போட்டால் குதிக்கால் வெடிக்கும், மாலையில் காலை நீட்டிக்கொண்டு முனகுவார். நடக்கவும் ஓடவும் அவருக்கு ஒரே ஒரு வகைச் சப்பாத்துத்தான். அவ்வளவு தூரம் நடக்கிற மனிசனுக்குச் செருப்பைக் கொடுத்து அனுப்புவதா?

நான் அப்படி எல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாவிட்டாலும், அளவில்லாததைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடைக்குப் போய் அதே சப்பாத்தில் புதிது கேட்டேன். அவருடைய அளவில் ஒரே ஒரு நிறம்தான் இருந்தது. கண்ணைப் பறிக்கிற தோடம்பழ நிறம், ஒரேஞ்ச். விற்கிற பெண் பிரெஞ்சில், அவரைக் கூட்டிவந்து போட்டுப் பார்த்தால் நல்லது என்றாள். அவர் வர மாட்டார் என்றேன்.

மச்சாள் அதைத் தட்டில் கண்டதும் கொதித்துப்போனார். செருப்புத்தான் முறை, இது என்ன கூத்து, என் தம்பி என்ன விளையாட்டுப்போட்டிக்கோ போறான் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். நான் அதைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. குருக்கள் எங்களை விட இளைய ஆள். செயின்ட்-மிஷேலில் இருக்கிறார், கிழமை நாட்களில் ஏதோ பார்சல் கிடங்கில் வேலை, சனி ஞாயிறில் கிரியை. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காலுக்குப் போடுறதுதானே, குடுங்கோ அம்மா," என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்கலாம். சாப்பிடும்போது பின்னால் இரண்டு ஆம்பிளைகள் கதைத்தது என் காதில் விழுந்தது. தானம் கொடுக்கிற குடையும் செருப்பும் எங்கே போகிறது என்று நினைக்கிறாய், திரும்பக் கடைக்குத்தான் போகும், ஒரே குடை எத்தனை செத்த வீடு கண்டிருக்கும் என்று சிரித்தார்கள். அந்தச் சப்பாத்து நல்ல விலைக்குப் போகும் என்றார் ஒருவர்.

அந்த மாதங்களில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அந்தக் கதையைக் கேட்டு வந்த கோபம்தான். மற்றதெல்லாம் பஞ்சுக்குள்ளே இருந்து கேட்கிற மாதிரி இருந்தது. மாதா மாதம் மாசியத்துக்குக் குருக்கள் வீட்டுக்கு வருவார். அவர் கூடத்தில் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, நான் தண்ணீர் எடுக்கிற சாட்டில் வாசலுக்குப் போய் அவர் கழற்றி வைத்திருப்பதைப் பார்ப்பேன். பனியில் கறுப்பு பூட்ஸ். வெயில் வந்ததும் பழைய தோல் செருப்பு. தோடம்பழ நிறம் ஒரு நாளும் இல்லை. சரி, விற்றுவிட்டார் என்று முடிவு கட்டினேன். என்னுடைய மனிசன் போகிற வழியில் வெறுங்காலோடு நிற்கிறார் என்று ஒரு நினைப்பு வரும். விசர் நினைப்பு என்று தள்ளிவிட்டு அரிசியைக் களைவேன்.

நான் நடக்கத் தொடங்கியதற்கு அவர் காரணமில்லை. வீட்டில் இருந்தால் ரெலிபோன் அடித்தது. கதவைத் தட்டிப் புட்டும் கறியும் கொண்டுவந்து தந்துவிட்டு, என் முகத்தில் கண்ணீர் தேடினார்கள். அதற்குப் பயந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டியை இழுத்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆற்றோர ரோட்டில் போனேன். முதலில் நடந்தேன். பிறகு நாய் ஒன்று துரத்தியதால் கொஞ்சம் ஓடினேன். நாய் போன பிறகும் நிற்கவில்லை. ஓடும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அது வசதியாக இருந்தது. கோடை முழுக்க அப்படியே போனது. ஓட்டத்தை நடத்துகிறவர்களின் ஈமெயில் இரண்டு பேரின் பெயருக்கும் வந்துகொண்டே இருந்தது. உங்கள் பயிற்சி எப்படிப் போகிறது என்று அவரையும் கேட்டார்கள்.

ஓகஸ்ட் முடிவில் ஒருநாள், ஓடுவது என்று முடிவெடுத்தேன். அவரை நினைத்து ஓடுகிறேன், அவருக்காக ஓடுகிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வராது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மஞ்சள் பஸ்ஸில் ஏறக் கூடாது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் முறையும் ஒருவர் வாழைப்பழத்தோடு இறங்கினார் என்று இருக்கக் கூடாது. இனி ஒரு கலியாண வீட்டிலும் அந்தப் பகிடியை யாரும் சொல்லக் கூடாது. அவர் இல்லாத இடத்தில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

மச்சாளுக்கு எப்படித் தெரிந்ததோ, ரெலிபோன் வந்துவிட்டது.

"ஆட்டைத் திவசம் முடியேல்லை. அதுக்குள்ளை காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, மேளதாளத்தோடை ஓடப்போறியாம். உண்மையோ?"

"ஓம் மச்சாள். ஓடப்போறன்."

ஒரு வருடத்துக்குக் கொண்டாட்டம் கூடாது என்று அவர் ஆரம்பித்தார். அது கொண்டாட்டம் இல்லை, கால் வலி என்றேன். சனம் என்ன சொல்லும் என்றார். சனம் சொன்னதெல்லாம் சொல்லி முடித்துவிட்டது என்றேன். குருக்களைக் கேட்டுத்தான் சொல்வேன் என்றார். அவரைப் பற்றி என்னிடம் கதைக்க வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அவர் குரல் இறங்கியது.

"அவன் ஸ்ரேசனிலை விழுந்து போனான். நீயும் ரோட்டிலை விழுந்தா, நான் பேந்து ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

விழமாட்டேன் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் வைத்துவிட்டார்.

ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவருடைய நீல ரீசேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அது முழங்கால் வரை வந்தது. பாலத்தில் காற்று ஆளைத் தூக்கியது. ஆயிரக்கணக்கில் சனம், துள்ளிக்கொண்டும் தோளை அசைத்துக்கொண்டும். என்னைச் சுற்றி இருந்தவர்கள் படம் எடுத்தார்கள். கீழே ஆறு, அங்கால் நகரம், அதற்குப் பின்னால் மலை. வடிவான இடம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். வடிவுதான். எனக்கு அது வைத்தியர் வீட்டுச் சுவரில் தொங்குகிற கலண்டர் படம் மாதிரி இருந்தது.

தொடங்கியதும் எல்லாரும் என்னைக் கடந்து போனார்கள். நான் அவர்களைப் போகவிட்டேன். கல் பதித்த பழைய தெருக்களில் கணுக்கால் புரளாமல் பார்த்து வைத்தேன். வீடுகளின் வெளிப்படிக்கட்டுகளில் கோப்பியோடு குந்தியிருந்தவர்கள் சட்டி பானையைத் தட்டினார்கள். "லாஷ் பா, மடாம்!" என்று கத்தினார்கள். விட்டுவிடாதே என்று அர்த்தம். எதை என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் அவ்வளவு தெரியாது. மேசை போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். ஒரு சின்னப் பிள்ளை கையை நீட்டியது, தட்டிவிட்டுப் போனேன். பாதிக்குப் பிறகு கால் இரண்டும் மரத்துவிட்டன. இடுப்புக்குக் கீழே யாரோ வேறு ஆளுடைய கால் போய்க்கொண்டிருந்தது. வலி இல்லை. வலி இருந்திருந்தால் நல்லது என்று அவர் சொல்லியிருப்பார். வலித்தால்தான் எங்கே பிழை என்று தெரியுமாம்.

சனம் குறைந்துகொண்டே வந்தது. மேளம் நின்றது. தண்ணீர் மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். நீல ரீசேட், உப்புப் பூத்த முகம். எனக்குப் பின்னால் அதே கண்ணாடியில் மஞ்சளாக ஒன்று அசைந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது. அந்த எஞ்சின் சத்தத்தை நான் முன்னே பின்னே கேட்டதில்லை, ஆனாலும் தெரிந்தது. ஓடப் பார்த்தேன். கால் கேட்கவில்லை. நடையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் ஒரு இழுவை. பஸ் பக்கத்தில் வந்து, என் வேகத்துக்கு ஊர்ந்தது. கதவைத் திறந்து ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்தாள். மடாம், நல்லாச் செய்தீர்கள், போதும், ஏறுங்கள், கொஞ்சத் தூரம்தான் என்று பிரெஞ்சில் அன்பாகச் சொன்னாள். அந்த அன்புதான் என்னைக் கொன்றது. இப்படித்தான் அவரையும் ஏற்றியிருப்பார்கள். அவர் சண்டை பிடிக்கத் தெரியாத மனிசன், மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு ஏறியிருப்பார்.

"நோ, மெர்சி," என்றேன்.

தெப்பனர் மூலை தெரிந்தது. மூலையில் ஒரு மடக்குக் கதிரை. அதில் மச்சாள், கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் பிளாஸ்க்கோடு. வர மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். அதே மூலையில்தான் பஸ் பிடிக்கும் என்று அவருக்கும் தெரியும். தம்பி எத்தனை தரம் விரல் நீட்டிக் காட்டியிருப்பார். பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. எனக்குத் தலை நிமிர்த்த முடியவில்லை. குனிந்தபடி வந்ததால் முதலில் கண்டது காலைத்தான்.

தோடம்பழ நிறச் சப்பாத்து.

புதிது இல்லை. குதிப் பக்கம் தேய்ந்து, முன்பக்கம் அழுக்கேறி, ஒரு நாடா அறுந்து வேறு நிற நாடா கட்டி, நாளும் பொழுதும் நடந்த சப்பாத்து. அதற்கு மேலே வேட்டி. வேட்டிக்கு மேலே தடித்த ஜாக்கெற். அதற்கும் மேலே திருநீற்று நெற்றியோடு குருக்கள். மச்சாள் அவரை மன்றாடிக் கூட்டி வந்திருக்கிறார், எனக்குத் திருநீறு பூசவும் நான் விழுந்தால் தூக்கவும்.

நான் நின்றுவிட்டேன். பஸ்ஸும் நின்றது.

"இது அந்தச் சப்பாத்தோ ஐயா?"

"ஓம் அம்மா. வேலைக்கு இதைத்தான் போடுறன். கிடங்கிலை நாள் முழுக்க நடக்கிறது. கிரியைக்கு வரேக்கை செருப்பு. இண்டைக்கு உங்களோடை நடக்க வேண்டி வந்தாலும் எண்டு போட்டுக்கொண்டு வந்தனான்."

"காலுக்கு அளவோ?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "பெரிசு. ரெண்டு சொக்ஸ் போட்டிருக்கிறன்."

அப்போ என்னுடைய மனிசனுக்கு அளவு. அதைத்தான் நினைத்தேன். இத்தனை மாதமும், நான் வாசலில் போய்க் கள்ளமாகப் பார்த்துவிட்டு வந்த நாட்களிலும், அந்தச் சப்பாத்து நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சீமெந்துத் தரையில், காலையிலிருந்து மாலை வரை. நான் நம்புகிறவள் இல்லை என்று முன்பே சொன்னேன். நம்பிக்கை கிடக்கட்டும். அவர் வெறுங்காலோடு நிற்கவில்லை, அது போதும்.

பஸ் பெண்பிள்ளை இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சாள் கதிரையை விட்டு எழும்பி, அவளுக்கும் எனக்கும் நடுவில் வந்தார். அவருக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நின்றார்.

"நட," என்றார் என்னைப் பார்த்து. "இவளை நான் பாத்துக்கொள்ளுறன்."

நடந்தேன். குருக்கள் பக்கத்தில் வந்தார். அவர் மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் மச்சாள் தமிழில் ஏதோ பெரிய விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். பஸ் ஹோர்ன் அடிக்கவில்லை. நான் என் காலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வருகிற தோடம்பழ நிறத்தையே பார்த்துக்கொண்டு, அது வைக்கிற இடத்துக்கு நேரே வைத்தேன். நான் வேகம் குறைந்தால் அதுவும் குறைந்தது. ஒரு தரம் அவர் எனக்காக நிற்கப் பார்த்தார். "நிக்காதேங்கோ," என்று பேசினேன். கொஞ்சம் கடுமையாகத்தான் பேசிவிட்டேன். குருக்களைப் பேசுகிறது பாவம். ஆனால் நான் பேசியது அவரை இல்லை.

பூங்காவுக்குள் சனம் கலைந்துவிட்டது. வேலிகளை லொறியில் ஏற்றினார்கள். முடிவுக் கோட்டுக்கு மேலே ஊதி நிறுத்தியிருந்த வளைவு மட்டும் இன்னும் காற்றோடு நின்றது. கோட்டுக்குக் கிட்டப் போனதும் குருக்கள் ஒதுங்கினார்.

"நீங்கள் போங்கோ அம்மா. எனக்கு நம்பர் இல்லை."

"இல்லை ஐயா. நீங்கள் முன்னுக்குப் போங்கோ," என்றேன். "சப்பாத்து முதல் போகட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலக்காலை எடுத்து வைத்து, கோட்டைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் நான் தாண்டினேன். மெடல் போடுகிற பெண் எங்கள் இருவரையும் பார்த்து என்ன நினைத்தாளோ தெரியாது. எனக்குப் போட்டாள். கனமாக இருந்தது.

புல்லில் இருந்துவிட்டேன். அப்போதுதான் கால் நோகத் தொடங்கியது. பெருவிரலில் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால் என்று ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தது. பெப்ரவரிக்குப் பிறகு எனக்கு எங்குமே இப்படி நொந்ததில்லை. ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். குருக்கள் பயந்து தண்ணீர் எடுக்க ஓடினார்.

மஞ்சள் பஸ் வந்து பூங்கா வாசலில் நின்றது. கதவு திறந்தது. அந்தப் பெண்பிள்ளை கையைப் பிடித்து இறக்க, மச்சாள் இறங்கினார். அவளுடைய மற்றக் கையில் மடக்குக் கதிரை. மச்சாளின் கையில் பாதி தின்ற வாழைப்பழம்.

மூச்சு வாங்க வந்து எனக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தார். இவ்வளவு காலமும் எல்லாரும் சொல்லிச் சிரித்த பகிடி என் வாயில் வந்தது.

"மச்சாள், உங்கடை தம்பி இந்த முறை பஸ்ஸிலை வரேல்லை."

"தெரியும்," என்றார். பழத்தோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் பின்னாலை இருந்து பாத்துக்கொண்டுதானே வந்தனான்."

நான் அவர் மடியில் தலையை வைத்தேன். அவர் சால்வையை எடுத்து என்னை மூடினார். அழு என்று அவர் சொல்லவில்லை.